நாகராஜ் எழுதி ஒட்டிய காகிதம்

என் உயிரான முனிராஜ் அண்ணாவுக்கு,

நீ கண்ணை மூடி ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. உன் பிக்கப் வண்டி ராயக்கோட்டை ரோட்டில் நின்றுபோய்விட்டது அண்ணா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உன் மகன் நாகராஜ் ஓசூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். மார்கழிக் குளிரில் கிளம்ப மறுக்கிற வண்டியின் சோக்கை நான் இழுத்து இழுத்து மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, அடிபட்ட ஒரு காரிலிருந்து சாமான்களை வாங்கி வந்தான். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, புதுக் கார்களில் இருக்கிற மாதிரி இஞ்செக்‌ஷன் போட்டான். பெட்ரோலை அளந்து விட ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, டேங்குக்குள்ளேயே ஒரு கரண்டு பம்பு. சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. நீ நம்பியிருக்க மாட்டாய்.

"சித்தப்பா, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு. எதெது பண்ணக் கூடாதுன்னு எழுதி ஸ்டேரிங் பக்கத்துல ஒட்டியிருக்கேன், ஒருதரம் படிச்சிக்கோங்க" என்றான். நான் தலையாட்டினேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது என் வீட்டாரைத் தவிர உனக்கு மட்டும்தானே தெரியும். முப்பது வருஷம் நான் ஓட்டினேன், பக்கத்தில் உட்கார்ந்து நீ போர்டு படித்தாய். செக்போஸ்ட்டில் கையெழுத்துக் கேட்டால், "அவன் கையெல்லாம் கிரீஸு சார், நானே போட்டுடுறேன்" என்பாய். பெற்ற பிள்ளையிடம்கூடவா சொல்லாமல் போனாய்?

நிறுத்திய இடத்தில் டியூப் போட்டு உறிஞ்சிவிடுவார்கள் என்று அன்றாடத்துக்கு வேண்டிய பெட்ரோல்தான் ஊற்றுவோம். நீ போட்ட சட்டம். பெட்ரோல் முள் அடியில் கிடந்தாலும் நம் வண்டி கடைசிச் சொட்டுவரை ஓடும். நாகராஜ் மாற்றிக்கொடுத்த பிறகும் நான் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை தக்காளி லோடோடு கெலமங்கலம் தாண்டி ஒரு ஏற்றத்தில் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தேன். முன்னெல்லாம் கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினால் கிளம்பிவிடும். இப்போது எங்கே ஊதுவது? வெயிலில் தக்காளி நசிய, சும்மா நின்றேன்.

வந்த மெக்கானிக் பம்பை வெளியே எடுத்து மூக்கருகே நீட்டினான். "காஞ்சு எரிஞ்சிருக்கு பெரியவரே. இது பெட்ரோல்ல முங்கியே இருக்கணும். கால் டேங்குக்குக் கீழ விடக் கூடாதுன்னு இதோ ஒட்டியே இருக்குதே, படிக்கலையா?"

"கண்ணாடி கொண்டாரலப்பா" என்றேன்.

நாகராஜிடம் போனில் பம்பு எரிந்துபோனதை மட்டும்தான் சொன்னேன். "என் ஒயரிங்குதான் தப்பு சித்தப்பா. அப்பா வண்டிய நானே கெடுத்துட்டேன்" என்று புலம்பினான். புதுப் பம்பு போடலாமே என்றேன். "இனி அதுல கையே வெக்க மாட்டேன்" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச்சொல்லியிருக்கிறான். எனக்கு உண்மை வாய்வரைக்கும் வந்தது. எழுபது வயசுக்கு மேல், சித்தப்பா என்று கூப்பிடுகிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது அண்ணா?

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறார். சரியாக எழுதினாரா என்று பார்க்க எனக்கு வழியில்லை. சனிக்கிழமை நாகராஜ் வந்ததும் இதை அவன் கையில் கொடுத்துவிடுவேன். வாயால் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அவன் படித்து முடிக்கும்வரை எங்கும் நழுவாமல் எதிரிலேயே நிற்பேன். உனக்கு என்னால் கொடுக்க முடிந்த வாக்கு அவ்வளவுதான்.

உன் கூடப்பிறக்காத தம்பி,
மாதப்பன்