சின்ன பி, பெரிய பி

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் சென்டருக்கு நெட்வொர்க் போடும் ஆர்டர் நம் கடைக்குத்தான். பெரிய கம்பெனிக்காரன் டை கட்டி வந்து திரையில் படம் படமாகக் காட்டினான். நான் கணக்கை மட்டும் சொன்னேன்.

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிளையில் டாக்டர் கிடையாது. அங்கே எடுக்கும் தலை ஸ்கேன் இங்கே டாக்டரம்மாவின் திரைக்கு வர வேண்டும். நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றுவதா வேண்டாமா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே செகண்டுக்கு நூறு எம்பி ஃபைபர். அங்கே பழைய செம்புக் கம்பி லைன், இரண்டு எம்பி. ஒரு ஸ்கேன் அறுபது எம்பி. இரண்டால் வகுத்தால் முப்பது.

"முப்பதே செகண்டும்மா. எழுதியே தர்றேன்."

எழுதியும் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

"பழைய கம்பியை நம்பி எழுதிக் குடுத்துட்டீங்களே மாமா" என்று மைத்துனன் புலம்பல். கடையில் என் கூட்டாளி. குடை நனைந்துவிடும் என்று மழையில் குடையை விரிக்காத ஆள்.

மார்ச் 11, செவ்வாய்

சோதனை ஓட்டம். மானம் போச்சு.

முப்பது செகண்டில் வந்தது எட்டில் ஒரு பங்கு. முழுசும் வர நாலு நிமிஷத்துக்கு மேல். டாக்டரம்மா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"உங்க வாட்ச்ல செகண்டு கொஞ்சம் நீளமோ?"

வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் டைக்காரனைக் கூப்பிடுவாராம். கூப்பிடுவார்தான். நானாக இருந்தாலும் கூப்பிடுவேன்.

மார்ச் 12, புதன்

லைன்காரனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"சார், ரெண்டு எம்பி கரெக்டா ஓடுதே!"

"எங்கய்யா ஓடுது? திரையில கால் எம்பின்னு காட்டுது!"

"அது பெரிய பி சார். நாங்க விக்கிறது சின்ன பி."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். லைனை அளப்பது பிட்டில், அது சின்ன பி; ஃபைலை அளப்பது பைட்டில், அது பெரிய பி. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நம் கடையில் இரண்டுக்கும் ஒரே பேர் — எம்பி. நூறு எம்பி ஃபைபரில் எட்டில் ஒன்று வந்தாலும் பன்னிரண்டரை வரும், எவனுக்கு உறைக்கும்? இரண்டில் எட்டில் ஒன்று என்றால் உறைக்கத்தான் செய்யும். அறுபதை எட்டால் பெருக்கி இரண்டால் வகுத்தால் இருநூற்று நாற்பது செகண்டு. லைன் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஓவராக ஓடியது என் வாய்.

வீட்டில் சொன்னேன். "அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு என்கிட்ட சொல்றதும் இந்தக் கணக்குலதானா?" என்றாள் மனைவி.

மார்ச் 13, வியாழன்

ஃபைபர் பாலத்தைத் தாண்ட அடுத்த வருஷம் ஆகுமாம்.

"ஸ்கேன் ஃபைல் ரொம்பப் பெரிசுன்னு சமாளிச்சிடலாம் மாமா."

"அவங்க தலைக்குள்ள இருக்கறதையே பாக்கறவங்கடா. என் முகத்தைப் பாத்தா தெரியாதா?"

நேரே போய் உடைத்துச் சொன்னேன். "எட்டு மடங்கு தப்பாச் சொல்லிட்டேன்மா. இந்த லைன் இதுக்கு மேல ஓடாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு ஸ்கேன்ல இருக்கற நூத்தி இருபது படத்துல மொதல்ல எதைப் பாப்பீங்க?"

"நடுவுல ஒரு பத்து. வண்டியைக் கிளம்பச் சொல்ல பெரும்பாலும் அது போதும். மிச்சத்தை அப்புறம் ஒண்ணு விடாம பாப்பேன்."

பிடி கிடைத்துவிட்டது! மெஷின் உச்சந்தலையில் ஆரம்பித்து வரிசையாக அனுப்புகிறது. நல்ல சரக்கை அடியில் வைத்து எவன் கடை விரிப்பான்? வரிசையை மாற்றினால் தீர்ந்தது. பத்துப் படம் ஐந்து மெகாபைட். எட்டால் பெருக்கி, இரண்டால் வகுத்து, இந்தத் தடவை இரண்டு முறை சரிபார்த்தேன். இருபது.

டைக்காரன் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டான்.

மார்ச் 14, வெள்ளி

பத்துப் படமும் வர இருபத்தொரு செகண்டு. மிச்சப் படங்கள் வருவதற்குள் டாக்டரம்மா என் பழைய காகிதத்தில் 'முப்பது செகண்டு' என்பதற்கு முன்னால் 'முதல் பத்துப் படம்' என்று தன் கையாலேயே எழுதினார்.

மார்ச் 15, சனி

கடையில் புதுச் சட்டம்: பிட்டா பைட்டா என்று சொல்லாமல் வெறுமனே 'எம்பி' என்கிறவர், கடையில் இருக்கும் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். சட்டத்தை அறிவிக்கும்போதே மாட்டியவன் நான்.

ஏப்ரல் 9, புதன்

டாக்டரம்மா கடைக்கே வந்தார். நேற்று அக்கரையில் மாடிப்படியில் விழுந்த ஒரு பெண். நடுப் படங்களைப் பார்த்ததுமே வண்டிக்குச் சொல்லிவிட்டாராம். கடைசிப் படம் வந்தபோது வண்டி பாலத்தில். இன்று காலை அந்தப் பெண் கண் விழித்துப் பேசினாளாம்.

"மலையடிவாரத்துல இன்னொரு கிளை திறக்கறோம். அங்கயும் அதே ரெண்டு எம்பி லைன்தான்" என்றார்.

மைத்துனன் எழுந்தே விட்டான். "எத்தனை டீம்மா சொல்லட்டும்?"

அவருக்கு விளங்கவில்லை. சட்டத்தை விளக்கினேன். சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்தார்.