காய்ச்சல் வரட்டும்

போனை எடுத்ததும் டாக்டராகிவிடும் என் மகனுக்கு, உடம்பில் தெம்பு குறைந்தாலும் வாயில் குறையாத உன் அம்மா ஆசியோடு எழுதுவது.

நீ நலம்தானே? வேளைக்குச் சாப்பிடு. கடிதமா என்று பதறாதே. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவிடுகிறாய், அதுவும் நான் நினைக்காத விதத்தில். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் இந்தப் பக்கங்களை நர்ஸ் படம் பிடித்து உனக்கு அனுப்பிவைப்பாள். முழுக்கப் படி, அப்புறம் கத்து.

முதலில் உன் கேள்விக்குப் பதில். மாட்டேன். இந்த ஆராய்ச்சியிலிருந்து விலக மாட்டேன். நீ ஏற்பாடு செய்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டேன். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றால், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்து அப்படியே திருப்பி அனுப்புவேன். பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு அது ஒன்றும் புது வேலை இல்லை.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குப் புரிந்த மாதிரி ஒருமுறை சொல்கிறேன், கேள். மாதக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறையும் நீ போனில் ஒரு மாத்திரை பெயர் சொன்னாய். "ரெண்டு நாள்ல சரியாயிடும்மா" என்றாய், சரியாகவும் போனது. மறுபடி வந்தது. வேறு மாத்திரை சொன்னாய். கடைசியில் டிரைவிங் ஸ்கூல் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கேன் எடுத்தால், இதய வால்வில் கிருமிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம்.

எந்தக் கிருமி? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. ரத்தத்தை எடுத்துச் சின்னச் சின்ன பாட்டில்களில் விட்டு, கதகதப்பாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வளரவில்லை. இதற்கு முன் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டதும், உன் அப்பா பையிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். "எங்க பையன் டாக்டர்ங்க, அவன் சொன்னதுதான்" என்று பெருமை வேறு. அந்த டாக்டர் பெண் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த மாத்திரைகள் கிருமியைக் கொல்லவும் இல்லை, பாட்டிலில் வளர விடவும் இல்லை. அரைகுறையாக முடக்கிப்போட்டிருந்தன, அவ்வளவுதான்.

அவளுக்கு இந்த வார்டில் காட்டேரி என்று பேர். எப்போது பார்த்தாலும் பாட்டிலும் ஊசியுமாக ரத்தம் கேட்டு வந்து நிற்பாள். அப்படிக் கூப்பிட்டாலும் சிரிப்பாள், கோபமே வராது. என்னை மாதிரி வீட்டிலேயே மாத்திரை விழுங்கிவிட்டு, கிருமியின் அடையாளத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம் பேராம். நிலைமை கட்டுக்குள் இருந்தால் மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே காவல் இருந்து, தினமும் ரத்தம் எடுத்து, கிருமி தலைதூக்கும்போது பிடிக்கலாமா? யாருக்கு அப்படிக் காத்திருக்கலாம், எவ்வளவு நாள் காத்திருக்கலாம், யாருக்குக் கூடவே கூடாது? இதுதான் அவள் ஆராய்ச்சி. இன்னொரு வழியும் சொன்னாள், நீ சொல்கிற அதே வழி. எது என்று தெரியாமலேயே எல்லாக் கிருமிக்கும் சேர்த்து வாரக்கணக்கில் மருந்து ஏற்றுவது. என் கிட்னி ஏற்கெனவே பாதி முரண்டு பிடிக்கிறது, அது தாங்குமா என்று தெரியாது. அத்தனையும் ஏற்றி, குறி தப்பிப்போனாலும் போகலாம்.

காத்திருந்தால் ஆபத்து உண்டா என்று கேட்டேன். "இருக்கும்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். வால்வு கிழியலாம், கிருமிக் கொத்தில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போகலாம். கொஞ்சம் தடுமாறினாலும் அந்த நிமிஷமே மருந்தை ஆரம்பித்துவிடுவோம், அறுவை சிகிச்சை டாக்டருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம் என்றாள். மழுப்பாமல் சொன்னாளே, அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

நீ போனில் என்ன கேட்டாய்? "நீ என்ன ஆராய்ச்சி எலியாம்மா?" என்றாய். எலியிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை, மகனே. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று எலியிடம் யாரும் சொல்வதும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எலும்பு டாக்டர். எனக்குக் கால் உடைந்தால் முதல் போன் உனக்குத்தான்.

இப்போது உன் திருட்டு வேலைக்கு வருகிறேன். நேற்றுக் காலை உன் அப்பா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். இன்னொரு கையில், அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை ஒன்று. வைட்டமினாம். அவருக்குப் பொய் சொல்லவே வராது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது ஒரு வசதி. முகத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டேன். "பையன்தான் குடுக்கச் சொன்னான், நான் என்ன செய்றது" என்று முழித்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவையே அணைத்துவிட்டாள். கிருமியை முடக்கும் அந்த ஒரு மாத்திரை உள்ளே போயிருந்தால் இத்தனை நாள் மருந்தில்லாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தது அத்தனையும் வீண். தெரியுமா உனக்கு? தெரியும். தெரிந்தேதான் செய்தாய்.

திட்டி முடித்துப் பார்த்தால், மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுகிறார். "நீ போயிட்டா நான் என்ன செய்வேன்?" என்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நானே நர்ஸைக் கூப்பிட்டு மாத்திரையைக் கொடுத்து, விழுங்கவில்லை என்று சொன்னேன். காட்டேரி வந்தாள். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கூட்டிக்கொண்டு போய், என் ரத்த பாட்டில்கள் இருக்கும் பெட்டியைக் காட்டியிருக்கிறாள். ஏதாவது வளர்ந்தால் விளக்கு எரியுமாம். திரும்பி வந்தவர் காவல்காரர் ஆகிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரி நீட்டிய மிட்டாயைக்கூட வாங்கி, உறையைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

உன்னை எனக்குப் புரிகிறது. கற்றுக்கொடுக்கிற வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறும்போதெல்லாம் அதை மிதிக்கக் கால் பரபரக்கும். மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டி ஓரிடத்துக்கும் போகாது. நீ கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் பிரேக்கை மிதிக்கிறாய். காலை எடு.

இதுவரை காலையில் எழுதியது. இதற்குமேல் எழுத விடாமல் குளிர் வந்துவிட்டது.

சாதாரணக் குளிர் இல்லையடா. பல் தந்தியடித்து, கட்டிலே கடகடவென்று ஆடியது. இத்தனை நாள் காத்திருந்த விருந்தாளி இல்லையா? "வந்துட்டான்! ஓடிவாங்க!" என்று நான் கத்தியதில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. காட்டேரி ஓடி வந்தாள். இந்தக் கையில் ஒரு முறை, அந்தக் கையில் ஒரு முறை, கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரு முறை ரத்தம் எடுத்தாள். தோலைத் துடைத்துக் காயும் வரை அவள் அவசரப்படவே இல்லை, பற்களைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கடைசி பாட்டில் நிறைந்த பிறகு, "இனிமே காக்க வேண்டாம்மா" என்று அவளே மருந்தைத் தொங்கவிட்டாள். எந்தக் கிருமி என்று பாட்டில்கள் வாயைத் திறந்து சொன்னதும் குறி பார்த்து மருந்தை மாற்றுவார்களாம். உன் அப்பா அந்தப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்கு எரிந்தால் முதலில் தனக்குத்தான் தெரிய வேண்டுமாம்.

ஒன்றை மறைக்கப் போவதில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டவள், வால்வின் சத்தம் நேற்றைப் போல இல்லை என்றாள். மறுபடி ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். அறுவை சிகிச்சை டாக்டரும் வருகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், மறுபடி கேட்டாலும் இதைத்தான் செய்வேன். பிழைத்தாலும் இது என் முடிவு, பிழைக்காவிட்டாலும் என் முடிவு. என்னால் அடுத்து வருகிறவளுக்கு ஒரு நாள் காத்திருப்பு குறைந்தால் அதுவும் என் சம்பாத்தியம்தான்.

நான் வீடு திரும்பினால் நீ வந்து எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடு, ஈடுகொடுக்கிறேன். திரும்பாவிட்டால், உன் அப்பா ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, அந்த மாத்திரையைக் கொடுத்தே தீர்த்திருக்க வேண்டுமோ என்று கேட்பார். டாக்டர் குரலில் பேசாதே. "அம்மா வேண்டாம்னாங்க, நீங்க அவங்க பேச்சைக் கேட்டீங்க, வேற என்னப்பா செய்ய முடியும்" என்று சொல். நீயும் ஒருநாள் உன்னையே கேட்டுக்கொள்வாய், போனில் சொன்ன அந்த முதல் மாத்திரையைப் பற்றி. நீ தவறே செய்யவில்லை என்று நான் பொய் எழுத மாட்டேன். என் பிள்ளை எனக்காகப் பதறினான், அவ்வளவுதான் என்று என் கையால் எழுதித் தருகிறேன். வைத்துக்கொள்.

நீ தொட்ட எலும்பெல்லாம் கூடட்டும். நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருங்கள்.

சொன்ன பேச்சைக் கேட்காத உன்
அம்மா