நீ இறங்கிய ரயில் ஊர்

மச்சான்,

இன்று மத்தியானம் உருளைக்கிழங்கு அவித்து, மேலே டில் இலையை நறுக்கித் தூவினேன். வாசம் எழும்பியதுதான் தாமதம், டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருக்கும் என் குசினிக்குள் உன் ரஷ்ய ஊர் வந்துவிட்டது. நீ எங்களைவிட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. நான் இன்னும் உன்னோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

அகதியாக டென்மார்க்குக்கு வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் உன்னை அந்த ஊரில் மாதக்கணக்கில் விட்டுவைத்திருந்தான். அப்படி வந்த மற்றவர்கள் தாங்கள் பட்ட பாட்டைச் சொல்வார்கள். நீயோ நாங்கள் ஒன்றாக வேலைசெய்த தொழிற்சாலையில் தேநீர் நேரமெல்லாம் அந்த ஊரின் அழகைச் சொன்னாய். ரயில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் நிரப்ப ஓர் இடம் வேண்டுமென்று காட்டுக்கு நடுவே உண்டாக்கிய ஊராம். செங்கல்லால் கட்டிய தண்ணீர்க் கோபுரம், பூவேலை செய்த மர யன்னல்கள், ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி நிறுத்திய பழைய கரிக்கோச்சி எஞ்சின். நெடுங்காலம் தானியக் கிடங்காகக் கிடந்த தேவாலயத்தில் நீ இருந்த நாட்களில்தான் மறுபடி மணியடிக்கத் தொடங்கினார்களாம்.

ரயில் நின்றதும் பெண்கள் வாளிகளில் டில் இலை தூவிய உருளைக்கிழங்கு சுடச்சுடக் கொண்டுவந்து விற்பார்கள். நீ போய் இறங்கியது வெள்ளிக்கிழமை, உனக்கு மரக்கறி நாள். கிழங்கில் கிடந்த வெள்ளைத் துண்டுகளைத் தேங்காய்ச் சொட்டு என்று நினைத்து ரசித்துத் தின்றாய். அது பன்றிக்கொழுப்பு.

“ரஷ்யாவில தென்னை எங்கையடா நிக்குது?” என்று கேட்டேன்.

“பசியில நான் மரத்தைத் தேடேல்லை, மச்சான்.”

சிரித்து முடித்ததும் எப்போதும் ஒன்றையே சொல்வாய். “பென்ஷன் எடுத்தவுடனை ரெண்டுபேரும் ஒருக்காப் போவம். என்னை வச்சுப் பாத்த அந்த வீட்டுக்கார மனுசிக்கு ஒரு நன்றி சொல்லவேணும்.”

பென்ஷன் வந்த நேரம் ரஷ்யா போரைத் தொடங்கிப் பாதை அடைபட்டது. பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும், “பாதை திறந்திட்டாங்களோ?” என்றுதான் கேட்டாய்.

போன கிழமை உன் மகள் வந்திருந்தாள். வழக்கமாக டேனிஷில் பதில் சொல்பவள் அன்று தமிழிலேயே கதைத்தாள். “பாதை திறந்தா நான் போவன், மாமா. அப்பா சொல்ல நினைச்ச நன்றியை நான் சொல்லவேணும். நீங்களும் வாங்கோ, உங்களுக்குத்தானே வழி தெரியும்.”

“ஓம் பிள்ளை, வாறன்” என்றேன்.

கண்ணால் காணாத அந்த ஊர் நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, தண்டவாளத்துக்கு மேலால் போகும் இரும்புப் பாலத்தில் ஏறி இறங்கி, இடப்பக்கம் திரும்பவேண்டும். அதற்குப் பிறகு எந்த வீடு, மச்சான்? நீ கூட வந்து காட்டுவாய் என்றுதானே நான் கேட்கவில்லை.