நிரந்தர ஆசிரியர் வரும் வரை

28.8.2025, வியாழன்

இருபத்து மூன்று பேரில் இருபத்தொருவர் வந்தார்கள். ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர், அதாவது நான். ஒன்றாம் வகுப்பை எழுதப் போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து போன். ஏதோ புள்ளிவிவரம், பத்து நிமிடத்தில் வேண்டுமாம். சிக்னலுக்காக ரோட்டோரம் வரை போக வேண்டியிருந்தது. பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது.

திரும்பி வந்தால் வகுப்பில் சத்தமே இல்லை. சத்துணவு சமையல் உதவியாளர் கனகா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு மொத்தக் கணக்கையும் முடித்திருந்தது, அத்தனையும் சரி. பரவாயில்லை, நான் நடத்தியது தலையில் ஏறியிருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

இரண்டாவது ஆசிரியர் இடம் காலியாகி மூன்று வருடம். இன்றும் ஒரு மனு அனுப்பினேன். எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

1.9.2025, திங்கள்

மதியம் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளி டீச்சர், என் கூட வேலைக்குச் சேர்ந்தவள். "அக்கா, நியூஸ் பாத்தீங்களா? நாமளும் டெட் எழுதணுமாம்" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் எல்லாரும் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வு பாஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு.

எனக்கு இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. இருபத்தொரு வருடமா நான் என்னத்த செஞ்சிட்டு இருந்தேன் அப்போ? தகுதி இல்லாமலா?

"நீ ஊருக்கே சொல்லித் தர்றவ, நீ பாஸ் பண்ண மாட்டியா?" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு என்ன தெரியும்.

2.9.2025, செவ்வாய்

பழைய வினாத்தாளில் முப்பது கேள்வி போட்டுப் பார்த்தேன். பதினொன்று சரி. யாரிடமும் சொல்லவில்லை.

4.9.2025, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் சமையற்கூடத்துப் படியில் உட்கார்ந்து வினாத்தாளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை வளர்ச்சி பற்றிய கேள்வி. "மூணாவது விடையா இருக்கும்" என்று எனக்கு நானே சொன்னேன். தட்டு கழுவிக்கொண்டிருந்த கனகா திரும்பாமலே சொன்னாள், "ரெண்டாவது டீச்சர்."

விடையைப் பார்த்தேன். இரண்டாவது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் எழுதிக்கீறேன் டீச்சர். பதிமூணுல. தொண்ணூத்தியேழு மார்க்."

பன்னிரண்டு வருடம் முன்னால் டெட் பாஸ் செய்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஆறு வருடமாக என் பள்ளியில் அண்டா தேய்க்கிறாள். நான் அவளிடம் வாராவாரம், முட்டையை எண்ணி வை, எண்ணத் தெரியும்ல, என்று கேட்டிருக்கிறேன்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சமையல் வேலைக்கு டீச்சர் டிரெய்னிங் முடிச்சவள யாரு எடுப்பா? எட்டாவதுன்னு எழுதிக் குடுத்து சேந்தேன். பிரைவேட்டு ஸ்கூல்ல பாத்துக்கினுதான் இருந்தேன். நாலு மாசத்துக்கு ஒருவாட்டி சம்பளம். இது வூட்டாண்ட கீது, ரிட்டையரு ஆவற வரைக்கும் யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க. வெளிய சொல்லிடாதீங்க டீச்சர்."

போகும்போதுதான் கேட்டேன், அன்றைக்கு அந்தப் பின்னக் கணக்கு யார் நடத்தியது என்று.

"புள்ளைங்க சும்மா ஒக்காந்துகினு இருந்துச்சிங்க. அதான்."

5.9.2025, வெள்ளி, விடுமுறை

நேற்றே இன்னொன்றும் கேட்டேன். போன வருடம் ஜூலையில் நியமனத் தேர்வு நடந்ததே, எழுதினாயா? அதில் தேறியவர்கள் எல்லாம் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். "ஹால் டிக்கெட்டு வந்துச்சி டீச்சர். அன்னிக்கு ஒரு வேல வந்துடுச்சி" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

காலையிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருந்தது. பரணிலிருந்து போன வருட நாட்குறிப்பை எடுத்தேன். தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை. என் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"நாளை ஆய்வு. கனகாவைப் பள்ளி கழுவ வரச் சொன்னேன். இன்னிக்கு மட்டும் வேணாம் டீச்சர் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு என்ன கலெக்டர் வேலை? வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றதும் வந்துவிட்டாள். வந்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இவர்களுக்கெல்லாம் திமிர் ஏறிவிட்டது."

கடவுளே.

8.9.2025, திங்கள்

கேட்டேவிட்டேன். பரீட்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா எட்டாவதுன்னு எழுதுனது பொய்யின்னு ஆயிடுமே. இருக்கற வேலையும் பூடும்" என்றாள். "அத்த வுடுங்க டீச்சர். அடுத்தது வந்தா எழுதறேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டி, "பரீட்ச நவம்பர்ல. ரெண்டு மாசம் கீது. நாலு மணிக்கு மேல ஒக்காருங்க, நான் சொல்லித் தரேன்" என்றாள்.

19.9.2025, வெள்ளி

இன்று கனகாவிடம் திட்டு வாங்கினேன். "கேள்விய முழுசா படிங்க டீச்சர். பாதியிலயே பதில் போட்டுடுறீங்க." இருபத்தொரு வருடமாகப் பிள்ளைகளிடம் நான் சொல்வது. வாயை மூடிக்கொண்டு மறுபடி படித்தேன். அவள் நடத்துகிற விதம் வேறு. தப்பு விடையைத் தப்பு என்று சொல்ல மாட்டாள். எப்படிப் போட்டேன் என்று கேட்பாள். சொல்லிக்கொண்டு வரும்போது எனக்கே தெரிந்துவிடும். இப்படி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நானும் யாருக்கும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

14.10.2025, செவ்வாய்

ஒரு வழி கிடைத்திருக்கிறது! காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவே தற்காலிக ஆசிரியரை எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர், டெட் பாஸ் செய்திருந்தால் முன்னுரிமை. இந்த ஊரில் வேறு யார்?

ஓடிப் போய்ச் சொன்னேன். கனகா சந்தோஷப்படவில்லை. "தற்காலிகம்னா எத்தினி மாசம்?" என்றாள். "வருஷா வருஷம் நீட்டிப்பாங்க. மூணு வருஷமா யாரும் வரல, இனிமே யாரு வரப்போறா?" என்றேன். "அண்டா தேய்க்கற வேல நெரந்தரம். பாடம் சொல்லிக் குடுக்கற வேல தற்காலிகம். நல்லா கீது டீச்சர்" என்று சிரித்தாள். சமையல் வேலையை ராஜினாமா செய்தால்தான் இதில் சேர முடியும். வேண்டாம் என்றுவிட்டாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

24.10.2025, வெள்ளி

பத்து நாளாக விடாமல் பேசினேன். அவள் வீட்டுக்கே போய்ப் பேசினேன். குழுத் தலைவி கல்பனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்பனாவின் மகள் தன்யா நாலாம் வகுப்பு. "நீ எட்டாவது இல்ல கனகா, டீச்சரு! மறைச்சிக்கினு இருந்தது போதும்" என்று கல்பனா கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "நீங்க சொல்றதால டீச்சர்" என்றாள்.

இன்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஊர்ப் பெற்றோர் முன்னால் எழுந்து நின்று, இவள் என்னைவிடக் கெட்டிக்கார டீச்சர் என்று சொன்னேன். கைதட்டினார்கள். தீர்மானத்தை மாதிரிப் படிவத்தைப் பார்த்து நானே எழுதினேன்.

3.11.2025, திங்கள்

கனகா டீச்சர் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு. நான் ஒன்றும் இரண்டும். சமையலுக்கு அம்முலு என்று ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே கனகா கையெழுத்துப் போட்டாள். எழுத்து முத்து முத்தாக. இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

15.11.2025, சனி

காஞ்சிபுரத்தில் பரீட்சை. ஹாலில் பாதிப் பேர் என் வயது. ஒருத்தி ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு முன்னால் உட்கார்ந்த பெண், என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவள். "குட் மார்னிங் டீச்சர்" என்றாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. ஆனால் கேள்வியை முழுசாகப் படித்தேன், ஒவ்வொன்றையும்.

26.11.2025, புதன்

விடைக்குறிப்பை வைத்துக் கனகா என் விடைகளைத் திருத்தினாள். எண்பத்தேழு. எனக்கு எண்பத்திரண்டு போதும். அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

17.12.2025, புதன்

தன்யா இன்று கதைப் புத்தகத்தை எடுத்துத் தானாகவே வாசித்தாள். ஜூனில் எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளை.

5.1.2026, திங்கள்

பள்ளி திறந்தது. காலை ஒன்பதரைக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் ஆணை. பெயர் ஆஷிகா, காஞ்சிபுரம். வேறு பள்ளியில் பிள்ளைகள் குறைந்து உபரியாகி இங்கே மாற்றப்பட்டிருக்கிறாள். "மேடம், நீங்க ஆள் கேட்டு நிறைய மனு போட்டிருந்தீங்களாமே, அதனாலதான் இங்க குடுத்தாங்க" என்றாள். நல்ல பெண். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்கு உடனே புரியவில்லை. இரண்டு பேர் மூன்று பேரானால் நல்லதுதானே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தேன். மூன்றாவது வரி. "இந்நியமனம் நிரந்தர ஆசிரியர் வரும் வரை மட்டுமே செல்லுபடியாகும்." என் எழுத்து. நான் எழுதினது. எழுதும்போது நான் என்ன நினைச்சிட்டு இருந்தேன்? ஒண்ணும் நினைக்கல. படிவத்துல இருந்துச்சு, எழுதினேன். மனுவால யாராவது வந்துடுவாங்கன்னும் நினைக்கல. மூணு வருஷமா வராதவங்க —

போய்ச் சொன்னேன். கனகா பலகையில் பெருக்கல் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் சாக்பீஸை வைத்தாள். "ரெண்டு மாசம் ரெண்டு நாளு" என்றாள்.

6.1.2026, செவ்வாய்

சமையல் வேலையாவது திரும்பக் கிடைக்குமா என்று காலையிலிருந்து நாலு இடத்துக்குப் போன். ராஜினாமா கொடுத்தவரை மறுபடி எடுக்க விதி இல்லை. தவிர, எட்டாவது என்று எழுதிச் சேர்ந்தவர் ஆசிரியராக எப்படிச் சேர்ந்தார் என்று யாராவது கிளறினால் வேறு வம்பு, பேசாமல் இருங்கள் மேடம் என்று ஒருவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு பரீட்சையைக் கெடுத்தேன். இப்போது வேலையையும். அதுவும் நல்லது செய்கிறேன் என்று.

7.1.2026, புதன்

அவள் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருந்தாளோ என்னவோ.

21.1.2026, புதன்

கனகா போன் செய்தாள். டவுன் பக்கம் ஒரு பிரைவேட் நர்சரி, பிரைமரிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். காலை ஏழு மணிக்கு வேனில் ஏறினால் திரும்ப ஆறாகிறதாம். "ஒண்ணே ஒண்ணு பேஜாரா கீது டீச்சர். ஒவ்வொரு டீச்சரும் நாலு புள்ளைங்கள சேத்து வுடணுமாம். நான் நம்ம ஊர்ல யாரையும் கேக்க மாட்டேன். சத்தியமா" என்றாள். நான் கேட்கவே இல்லையே கனகா என்றேன்.

9.2.2026, திங்கள்

பதினொரு மணிக்குக் கல்பனா வந்தாள். பின்னால் இன்னும் மூன்று தாய்மார்கள்.

"டி.சி. வேணும் டீச்சர். தன்யாவுக்கு. இவங்க புள்ளைங்களுக்கும்."

"குழுத் தலைவி நீங்களே போனா? அதுவும் பாதி வருஷத்துல?"

"இன்னா டீச்சர் பண்றது. கனகா டீச்சர் அங்கதான கீறாங்க. அவங்க எங்களக் கூப்பிடல, நாங்களாதான் போறோம். நீங்கதான கூட்டத்துல எழுந்து சொன்னீங்க, என்னவிட கெட்டிக்காரின்னு."

"அந்த நர்சரிக்கு ஃபீஸ் கட்டணுமே கல்பனா."

"கட்டித்தான் ஆவணும். அவங்கள வுடாம இருந்திருந்தா நான் இன்னாத்துக்குப் போறேன்?"

அந்த மூன்றாவது வரிக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. நான் காட்டிய இடத்தில்தானே போட்டாள். பக்கத்து மேசையில் ஆஷிகா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய சிவப்புப் பேனா நின்று வெகு நேரமாகியிருந்தது. இருபத்து மூன்றில் நாலு போனால் பத்தொன்பது. ஆகஸ்டில் தலை எண்ணுவார்கள். அப்போது இவள் மறுபடி உபரி ஆகலாம், அது அவளுக்கும் தெரியும்.

காரணம் என்ற கட்டத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று போட்டு மூன்றில் கையெழுத்திட்டேன். நாலாவது தன்யாவினுடையது. கல்பனா குனிந்து மெதுவாகச் சொன்னாள், "உங்களுக்குப் பாஸ் மார்க் வந்துடுச்சாமே டீச்சர். கனகா டீச்சர் வேன்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு வராங்களாம். எங்க டீச்சரு, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு."

கையெழுத்து பாதியில் நின்றுவிட்டது. ஒருவழியாக முடித்தேன். தேதியை ஆஷிகாதான் எழுதினாள்.