உதவினால் அவுட்

மார்ச் 3

உலகத்தாருக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: முதலுதவி வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனாகிய நான், தொண்டை அடைத்தவனாக நடிக்கும் மாபெரும் பொறுப்புக்குத் தேர்வானேன். இருமினேன், உருண்டேன், நாக்கைத் தள்ளினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

பயிற்சி தந்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்ளோ சத்தம் வந்தா மூச்சு போகுதுன்னு அர்த்தம்பா. இரும விட்டாலே போதும். சத்தமே வரலன்னாதான் பயப்படணும்."

சத்தமில்லாத நடிப்பை யார் பார்ப்பார்கள்?

மார்ச் 5, ஞாயிறு

வழக்கம்போல மதியச் சாப்பாட்டில் சாவுப் போட்டி. அப்பா ஆரம்பித்த விளையாட்டு. ஒருவர் சாக வேண்டும், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து விரல் நீட்டி மார்க் போட வேண்டும். பதறி உதவினால் அவுட். இன்று எனக்கு எட்டு.

அக்கா வீட்டுக்காரர் மட்டும் இதுவரை செத்ததே இல்லை. "எனக்கு நடிக்க வராது தம்பி" என்று தட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். மெல்வதும் கிடையாது, அப்படியே விழுங்குவார். அம்மாகூட, "யாரும் புடுங்கிட்டுப் போக மாட்டாங்க மாப்ள, மெதுவா" என்றாள்.

"அடுத்த வாரம் நீங்கதான் அத்தான். தப்பிக்க முடியாது."

பிறகு அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அந்த நர்ஸ் சொல்லிக்குடுத்தத ஒழுங்கா காட்டு. இவர் சாப்பிடுறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குடா." கேலி செய்துகொண்டே காட்டினேன்: குனிய வைத்து முதுகு நடுவே ஐந்து அடி. போகாவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு. மாறி மாறி. கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது.

மார்ச் 9

அத்தானுக்கு ஃபோனில் நினைவூட்டினேன். "பாக்கலாம்" என்றார். வலையில் விழுந்துவிட்டார்.

மார்ச் 12

இன்னிக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 14

வயிற்றை அழுத்தியதால் அத்தானுக்கு உள்ளே அடிபட்டிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். பள்ளியில் நான்தான் ஹீரோ. எப்படிக் காப்பாற்றினேன் என்று மூன்று வகுப்புகளில் செய்து காட்டினேன்.

மார்ச் 19, ஞாயிறு

மேசையில் இன்று போட்டி இல்லை. யாருடைய கரண்டி நின்றாலும் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறோம்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். போன ஞாயிறு, அத்தான் கறித்துண்டை விழுங்கினார். நாற்காலி சாய எழுந்தார். கை தொண்டையில். சத்தம் இல்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. மனுஷன் பின்றாரே என்றுதான் நினைத்தேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

அத்தான் என்னையே பார்த்தார். வகுப்புக்குப் போனவன் நான்தானே.

"டேய், அவருக்கு நடிக்க வராதுடா" என்று அக்கா பாய்ந்தாள். குனிய வைத்து அடித்தாள். போகவில்லை. பின்னாலிருந்து கட்டி இழுத்தாள். மறுபடி இழுத்தாள். துண்டு தரையில் விழுந்தது. அவர் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நானா? ஒன்பது விரலை நீட்டியபடி நின்றிருந்தேன். அம்மா வந்துதான் என் கைகளைக் கீழே இறக்கிவிட்டாள்.