மதிலுக்கு ஒரு கொடி

மரம் வெட்டிய மகராசருக்கு,

தங்கை வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். போனில் பேசினால் சண்டைதான் வரும் என்பதால் எழுதுகிறேன். எப்போது வருவாய் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? புது மதிலில் எந்தக் கொடியை ஏற்றலாம் என்று மட்டும் தினமும் போன் போட்டுக் கேட்டு என் உயிரை வாங்குகிறீர்கள்.

தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வருகிற கொடி என்றேன். நீங்கள் பிளாஸ்டிக் கொடியை வாங்கி மாட்டிவிட்டு, "தண்ணி ஊத்த வேண்டாம், இலையும் கொட்டாது" என்று பெருமை வேறு!

மதிலுக்காக நீங்கள் சாய்த்த மரத்தில் தேன்சிட்டின் கூடு இருந்தது. "பறவைதானே, வேற இடம் பாத்துக்கும்" என்றீர்கள். நானும் வேறு இடம் பார்த்துக்கொண்டேன்.

"அந்தச் சிட்டு வந்து மரம் இருந்த எடத்தையே சுத்திச் சுத்திப் பறக்குது, என்னால பாக்க முடியல" என்று இன்று போனில் சொன்னீர்கள். இந்த வருத்தத்தை அன்றைக்கே சொல்லித் தொலைப்பதற்கென்ன?

பேஷன் ஃப்ரூட் கொடி நடலாம். புழு வந்து இலையைத் தின்னும். அதுதான் பட்டாம்பூச்சி ஆகும். மருந்தடிக்கக் கூடாது. கொடி அடர்ந்தால் சிட்டும் கூடு கட்டும்.

நீங்கள் வாங்க வேண்டாம். அடுத்த வாரம் நானே கன்றோடு வருகிறேன். குழி மட்டும் தோண்டி வையுங்கள். வேறு எதிலும் கை வைக்காதீர்கள்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் மனைவி