பச்சைக் காருக்குச் சிவப்படித்தவன்

மச்சான்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் ஏறிய கையோடு வீட்டுக்கார அன்ரியின் கராஜைத் திறந்து உன் காருக்குள் போய் இருந்தேன். புது ரெக்சின் மணம் மூக்கில் அடித்தது. முன்பு அந்தக் கதவைத் திறந்தால் பழைய தோலும் ஒயிலும் உன் சுருட்டும் கலந்து ஒரு மணம் வரும். அதற்குள் ஐந்து நிமிடம் இருந்தால் நீ பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். அந்த மணத்தை இல்லாமல் செய்தவன் நான்தான். அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை.

இந்தக் காரை வாங்க விட்பி என்ற ஊருக்கு ரயிலில் போனோமே, நினைவிருக்கிறதா? நீ இடியப்பப் பார்சலை ரயிலுக்குள்ளேயே அவிழ்த்தாய். சம்பல் மணத்துக்கு எதிரில் இருந்த வெள்ளைக்காரி எழும்பிப் போனாள். "நல்லது, கால் நீட்ட இடம் வந்திட்டுது" என்றாய். சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்று நான் சொன்னதற்கு ஸ்ரேசன் வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. சரி, கதை எங்கேயோ போகிறது. காரைச் சொல்லவேண்டும்.

காரை விற்ற வெள்ளைக்காரக் கிழவர் அதைக் கட்டில் விரிப்பால் மூடி வைத்திருந்தார். பச்சை நிறம். இரண்டே இரண்டு சீற். மேலே துணிக்கூரை, அதிலும் ஒரு ஓட்டை. இங்கிலாந்தில் செய்த கார். எனக்குச் சிரிப்பு வந்தது. திறப்பைத் தரும்போது கிழவர் உன் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

"என்னவாமடா?"

"ஒண்டையும் மாத்தாதையாம். ஒரு ஆணியைக்கூட."

"ஏன், ஆணியில தங்கமோ?"

நீ சிரிக்கவில்லை.

உனக்கு அந்தக் கிழவரின் கார்ப் பாசை விளங்கியதற்குக் காரணம் உண்டு. ஊரில் சண்டையால் பெற்றோல் வராத காலத்தில் நீ பழைய இங்கிலீஷ் காரை மண்ணெண்ணெயில் வாடகைக்கு ஹயர் ஓடினவன். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாய். பின்னால் வெள்ளைப் புகை கோயில் தூபம்போல வரும். பிள்ளைப்பெறப் போன பெண்கள் இருமிக்கொண்டே உன் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருத்தி வழியிலேயே பெற்றாள். அந்தப் பிள்ளைக்கு உன் பெயரை வைக்கச் சொல்லி நீ போட்ட சண்டை தனிக்கதை.

மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த அன்ரி வீட்டுப் பேஸ்மென்ற்றில் எல்லோரும் உன்னை நக்கல் அடித்தோம். "மனிசியும் பிள்ளையும் வந்தா உதுக்குள்ள எங்க வைப்பாய்?" என்று நான் கேட்டேன்.

"மனிசி பக்கத்தில. பிள்ளை அவளின்ர மடியில. நான் ஓடுவன். நீ பஸ்ஸில வா."

பிறகு நீ பகிடியை விட்டுவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. "இப்ப உதை ஆரும் மதிக்கிறாங்களில்லை. குளிருக்கு உதவாது, தகரம் கறள் பிடிக்கும், குடும்பத்துக்குக் காணாது எண்டு எறியிறாங்கள். அதாலதான் எங்கட கைக்கு வந்தது. பொறுத்துப் பார். எல்லாரும் எறிஞ்சு முடிய, எனக்கு உனக்கெண்டு உதுக்கு அடிபடுவாங்கள்."

சீற்றில் தோல் வெடித்திருந்தது. மரத்தில் செய்த ஸ்டியரிங்கில் கை பிடித்த இடம் தேய்ந்திருந்தது. ஒருநாள் நான் பொனட்டில் இருந்த கீறலைப் பொலிஷ் போட்டு மறைக்கப் போனபோது கையில் அடித்தாய். "விடு. அது அதின்ர வயசு."

தைக்குளிரில் வாசலில் ஸ்னோ அள்ளிக்கொண்டு நின்றாய். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வெளியே வர, ஸ்னோ அள்ளிய சவல் நட்டபடி நின்றது, நீ விழுந்து கிடந்தாய். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

உன் மனிசி பவளமும் சின்னவளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை இங்கே கூப்பிட நீ போட்ட ஸ்பொன்சர் பேப்பர் உன்னோடு போய்விட்டது. ஸ்பொன்சர் செய்தவர் இல்லையென்றால் பேப்பரும் இல்லையாம். நான் கேட்கப் போன லோயர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். இனி வேறு வழியால்தான் கூப்பிடவேண்டும். அதற்குக் காசு வேண்டும். உன்னிடம் இருந்த ஒரே சொத்து இந்தக் கார்.

உடனே விற்றிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களின் புத்தி எப்படி என்று உனக்குத் தெரியும். பொங்கலென்றால் சுவருக்கு வெள்ளையடிப்போம். பெண்பார்க்க வருகிறார்கள் என்றால் கதிரைக்குப் புது உறை தைப்போம். ஒன்றைப் பிறத்தியாருக்குக் காட்டுவதென்றால் அது புதிதாக மினுங்கவேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பவளத்துக்காக, உனக்காக, குறை சொல்ல இடமில்லாமல் விற்றுக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன்.

பிளாசாவுக்குப் பின்னால் பெயின்ற் அடிக்கிற எங்கட பெடியன், "அண்ணை, உது பாசி பிடிச்ச பச்சை. சிவப்படிச்சா நிண்ட நிலையிலயே பறக்கும்" என்றான். அடி என்றேன். பழைய பெயின்ற்றைத் தகரம் தெரியச் சுரண்டினான். வெடித்த தோலை உரித்து எறிந்து சிவப்பு ரெக்சின் போட்டோம். மர ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டுத் தடித்த கறுப்பு ஒன்று பூட்டினோம். மூன்று மாதச் சம்பளம் அதற்குள் போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்தேன். நீ பார்த்தால் பெருமைப்படுவாய் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தேன் மச்சான்.

அன்ரி பேப்பரில் விளம்பரம் போட்டா. மிசிசாகாவிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். காரைப் பார்க்க ஓட்டமாகத்தான் வந்தார். கராஜ் வாசலில் நின்றுவிட்டார். பிறகு முழங்காலில் இருந்து அடியில் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அன்ரிதான் எனக்கு மொழிபெயர்த்தா.

"பழைய சீற் எங்கையாம்?"

"எறிஞ்சிட்டன் எண்டு சொல்லுங்கோ. புதுசெல்லோ போட்டிருக்கு!"

"ஸ்டியரிங்?"

"அதையும்தான்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உன் செத்தவீட்டில் ஆட்கள் நின்றதுபோல நின்றார். அன்ரி குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, உப்பிடியான காரைத் தேடி ஆக்கள் இப்பதான் வெளிக்கிட்டிருக்கினமாம். வரவர இன்னும் கூடுமாம். ஆனா, கை படாததுதான் வேணுமாம். அந்தப் பச்சையும் அந்தத் தோலும் இருந்திருந்தா இண்டைக்கே எடுத்துக்கொண்டு போயிருப்பாராம்."

"இப்ப?"

"இப்ப உது வெறும் பழைய கார்தானாம்."

அடுத்த நாளே பெயின்ற்காரனிடம் ஓடினேன். குப்பை லொறி வந்து போய் இரண்டு கிழமை என்றான். மேசையடியில் பார், கூரையில் பார் என்று கத்தினேன். "உங்களுக்கு என்ன அண்ணை, விசரே?" என்று கேட்டான். அவனில் பிழையில்லை. கிழவர் சொன்னதும் நீ சொன்னதும் என் காதில்தான் விழுந்தன.

இன்று பத்து மணிக்கு ரெலிபோன் அடித்தது. பவளம். ஒவ்வொரு ஞாயிறும் லொட்ஜுக்குக் கீழே உள்ள கொம்யூனிக்கேசன் கடையிலிருந்து எடுக்கிறவள். இந்தக் கிழமை இரண்டுமுறை பொலிஸ் வந்து அறையைக் கிண்டியதாம். சின்னவள் சப்பாத்துச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிறாளாம்.

"அண்ணை, கார் விலைபோச்சுதோ?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன்.

"கொஞ்சம் பொறு தங்கச்சி. உதுக்கு அடிபடுவாங்கள் எண்டு அவன் சொன்னவன் எல்லே."

அவள் சொன்னாள்: "ஓம் அண்ணை. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ரெலிபோனை வைத்துவிட்டு மறுபடி கராஜுக்குள் போனேன். டிக்கி மூடியின் உட்பக்கம், விளிம்போரம், பெயின்ற்காரன் விட்டுவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் அளவு பச்சை. நான் அதைத் தொடவில்லை. ஒரு துணியால்கூடத் துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

நீ சொன்னது சரி மச்சான். அடுத்த ஞாயிறும் அவள் எடுப்பாள், கார் விலைபோச்சுதோ என்று கேட்பாள்.